விற்பனைத் துண்டுப் பிரசுரத்தில் எவ்வளவு எழுதுவது?

தீபாவளியும் பொங்கலும் நெருங்கும் காலத்தில் நெசவாளர் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் ஒரு வேலை தவறாமல் வந்து சேரும். துண்டுப் பிரசுரம் அச்சிட வேண்டும்; சரக்கில் கட்டும் சீட்டுக்கு வாசகம் எழுத வேண்டும்; வெளியூர் வாடிக்கைக்காரர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். நிர்வாகக் குழுவில் இவ்விஷயம் எடுத்துக்கொள்ளப்பட்டவுடன் அங்கத்தினர்கள் இரு கட்சியாகப் பிரிவது வழக்கம். "யார் ஐயா படிக்கிறார்கள்? படம், விலை, விலாசம் மூன்றும் இருந்தால் போதும்" என்பது ஒரு கட்சி. "நம் சரக்கின் அருமையை நாமே விவரமாகச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?" என்பது மற்றக் கட்சி. விவாதம் முடிவதற்குள் தேநீர் வந்துவிடும். கடைசியில் அச்சகத்தார் கொடுத்த காகிதத்தில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு எழுதப்படும்.

இக்கேள்விக்குக் காகிதத்தின் அளவு நல்ல நீதிபதி அன்று. வாங்குபவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கொண்டே வாசகத்தின் நீளத்தை நிர்ணயிக்க வேண்டும். அவர் தம் கண்ணாலும் கையாலும் அறியக்கூடியதை நாம் எழுத வேண்டுவதில்லை. அவ்வாறு அறிய இயலாததை, அது எத்தனை வரியானாலும், எழுதாமல் விடலாகாது. இரண்டு கட்சியாரும் பாதி சரியாகவே சொல்கின்றனர். ஆனால் அவர்கள் வெவ்வேறு வாடிக்கைக்காரரை மனத்தில் கொண்டு பேசுகின்றனர்.

இது வெறும் அலங்கார விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இருந்தும், கைத்தறிப் புடவையின் கரையையும் கட்டத்தையும் அப்படியே பார்த்து விசைத்தறியில் நெய்த சரக்கு அதே கடைத்தெருவில் குறைந்த விலைக்குத் தொங்குகிறது. நெசவு அறிந்தவர் தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்லிவிடுவார். வாங்க வருபவர் நெசவு அறிந்தவர் அல்லர். அவர் கண்ணுக்குத் தெரிவது விலையில் உள்ள வித்தியாசம் ஒன்றே. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, தறியில் அமர்ந்த அங்கத்தினருக்குச் சேரும் கூலியாகும். பண்டிகைக் கூட்டத்தில் விற்பனையாளருக்கு ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க நேரம் இராது. ஆகவே அந்தக் கூலி ஏன் கொடுக்கத்தக்கது என்பதைச் சொல்லும் வேலை ஒரு துண்டுக் காகிதத்தின்மேல் விழுகிறது. அது அவ்வேலையைச் செய்யாவிட்டால் சரக்கு கிடங்கில் தங்கும். கிடங்கில் சரக்கு தங்கினால் அடுத்த மாதம் பாவு கொடுப்பது குறையும். இதை அங்கத்தினர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெரும் பணம் செலவிட்டு விளம்பரம் செய்யும் தேசங்களில் இக்கேள்வியை நீண்டகாலமாக ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்க விளம்பர நிபுணர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் தம் தொழிலின் முறைகளை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். விளம்பரம் என்பது காகிதத்தில் அச்சான விற்பனையாளர் என்பது அவருடைய கருத்து. விற்பனையாளரிடம் "பத்துச் சொற்களுக்கு மேல் பேசாதே" என்று யாரும் கட்டளையிடுவதில்லை. சரக்கில் நாட்டமுள்ளவர் விவரம் கேட்கவே நிற்கிறார். நாட்டமில்லாதவருக்கு நாலு சொல்லும் அதிகமே. இவ்வாறு அவர் வாதித்தார். அவர் இதை ஊகத்தால் மட்டும் சொல்லவில்லை. விளம்பரத்தின் மூலையில் அடையாளக் குறியுள்ள சீட்டை அச்சிட்டு, எந்த வாசகத்துக்கு எத்தனை சீட்டுகள் திரும்பி வந்தன என்று எண்ணிப் பார்க்கும் முறையை அவர் வலியுறுத்தினார்.

1958இல் ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் காருக்காக டேவிட் ஓகில்வி எழுதிய விளம்பரம் இத்தொழிலில் இன்றும் பேசப்படுவது. மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போதும் அந்த வண்டிக்குள் மிகுதியாகக் கேட்பது மின்சாரக் கடிகாரத்தின் ஓசையே என்பது அதன் தலைப்புச் செய்தி. அதன்கீழ் சுமார் 600 சொற்களில், இலக்கமிட்டு, வண்டியைப் பற்றிய விவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே, 1959இல், வோக்ஸ்வாகன் என்னும் சிறு காருக்கு வந்த விளம்பரம் இதற்கு நேர்மாறாகக் காட்சியளித்தது: பெரிய வெள்ளைப் பக்கம், மூலையில் சிறியதாக ஒரு வண்டி. "குறைவாக எழுதினால் போதும்" என்பவர்கள் இதையே உதாரணம் காட்டுவர். ஆனால் அப்பக்கத்தின் அடியில் இருந்த சில வரிகளை அவர்கள் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல், எவ்வளவு எண்ணெய் செலவு, ஒரு ஜதை டயர் எத்தனை மைல் ஓடும் என்ற கணக்கு அங்கே இருந்தது. நீளத்தில் இரண்டும் வேறுபட்டவை. செய்தி சொல்வதில் இரண்டும் ஒன்றே. பெரும் விலை கொடுத்து வாங்குபவருக்கு ஐயங்கள் அதிகம், ஆகவே வாசகம் நீண்டது. சிக்கன வண்டி வாங்குபவருக்குச் செலவு ஒன்றே ஐயம், ஆகவே வாசகம் குறுகியது.

நம் சரக்குக்கு வருவோம். துண்டும் கைக்குட்டையும் வாங்குபவர் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்கிறார். அவருக்கு அளவு, விலை, பருத்தியா கலப்பா என்ற செய்தி ஆகியவை போதும். பட்டுப் புடவை வாங்குவதோ குடும்பமே உட்கார்ந்து செய்யும் காரியம். ஒரு கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம் அதில் இறங்குகிறது. அங்கே சீட்டில் "சுத்தப் பட்டு, அசல் ஜரிகை" என்ற நான்கு சொற்களோடு நிறுத்துவது சிக்கனம் அன்று. கேள்வியைப் பதில் சொல்லாமல் திருப்பி அனுப்புவதாகும். பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டிழை சுற்றிப் பொன் முலாம் பூசியது அசல் ஜரிகை. செம்புக் கம்பியை அடிப்படையாகக் கொண்டது வேறு வகை. உலோக வண்ணம் மட்டும் காட்டும் போலி ஜரிகை இன்னொரு வகை. கடையில் மூன்றையும் "ஜரிகை" என்றே சொல்கின்றனர். எது நம் புடவையில் இருக்கிறது என்று எழுதுவதற்கு ஒரு வரி கூடுதலாகும். அந்த ஒரு வரிக்காகவே வாடிக்கைக்காரர் நம் சங்கத்தைத் தேடி வரக்கூடும்.

காஞ்சிபுரத்துக் கோர்வை முறையும் இத்தகையதே. உடலும் கரையும் வெவ்வேறு நிறப் பாவில் அமைய, மூன்று நாடாக்கள் கொண்டு, கரையை உடலோடு இழைக்கு இழை பிணைத்து நெய்வது அது. உடன் ஓர் ஆள் இருந்து செய்யும் வேலை. வாங்குபவர் அப்புடவையின் அழகைக் காண்கிறார், வேலையைக் காண்பதில்லை. "கரையை உடலோடு கையால் பிணைத்து நெய்தது, புடவையின் பின்புறத்தைத் திருப்பினால் அந்த இணைப்பைக் காணலாம்" என்று எழுதிப் பாருங்கள். படித்தவர் உடனே புடவையைத் திருப்பிப் பார்ப்பார். சொன்னது உண்மை என்று தம் கண்ணாலேயே கண்டபின் மற்ற வரிகளையும் நம்புவார். சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தி, சரிபார்க்க இயலாத பத்துப் புகழுரைக்கு ஈடு என்பது என் அபிப்பிராயம்.

இனி, தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் என் கைக்கு வரும் பிரசுரங்களின் மாதிரியில் ஒரு வாசகம்: "பாரம்பரியப் பெருமை வாய்ந்ததும், கண்ணைக் கவரும் வண்ணங்களும் மனத்தைக் கொள்ளைகொள்ளும் வடிவமைப்புகளும் கொண்டதும், தலைசிறந்த கலைஞர்களின் கைவண்ணத்தில் உருவானதும், அனைவராலும் விரும்பப்படுவதுமான எங்கள் சங்கப் புடவைகளை வாங்கி ஆதரிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்." சொற்கள் 23. இதைப் படித்தபின் புடவையின் நீளம் தெரிகிறதா? நூல் தெரிகிறதா? எப்படித் துவைப்பது என்று தெரிகிறதா? சங்கத்தின் பெயரை விரலால் மறைத்துவிட்டு எதிர்க்கடைக்காரர் பெயரை எழுதினாலும் வாசகம் பொருந்திவிடும். அவ்வாறு பொருந்தும் வரி எதுவானாலும் தயங்காமல் அடித்துவிடலாம்.

அதே இடத்தில் இப்படி எழுதலாம்: "பருத்திப் புடவை. பாவும் ஊடையும் 80ஆம் நம்பர் நூல். வெயில் காலத்துக்கு ஏற்ற மெல்லிய துணி. நீளம் 5.5 மீட்டர், அதனுடன் சேர்ந்து வரும் ரவிக்கைத் துண்டு 80 சென்டிமீட்டர். இரு பக்கமும் கரை 10 சென்டிமீட்டர். முதல் இருமுறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தவும். சங்க அங்கத்தினரின் வீட்டுத் தறியில் கையால் நெய்தது. ஒரு புடவைக்கு இரண்டு நாள் வேலை. பிரிக்காத புடவையை 10 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்." அளவுகளும் நாள்களும் மாதிரிக்காக இட்டவை, அவரவர் சரக்குக்கு உரியதை எழுதிக்கொள்க. இவ்வாசகம் முன்னதைப்போல் இருமடங்குக்கும் மேல் நீளமானது. ஆயினும் படிப்பவருக்கு இதுவே சுருக்கமாகத் தோன்றும். வீணான வரி ஒன்று அரைப் பக்கம்போல் கனக்கும். பயனுள்ள பத்து வரிகள் அப்படிக் கனப்பதில்லை.

மேற்படி வாசகத்தில் "சாயம் போகாது" என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதிய ஒவ்வொரு சொல்லும் நாம் கொடுக்கும் வாக்குறுதி. துவைக்கும் முறையைச் சொன்னால் அது உதவி. சாயம் போகவே போகாது என்றால் ஒரு வாளித் தண்ணீர் சாட்சி சொல்ல வந்துவிடும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. கூட்டுறவுச் சங்கம் என்பதற்காக அதில் சலுகை ஏதுமில்லை.

நூல் நம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே நம்பர் என்பது நெசவாளர் அறிந்தது. 80ஆம் நம்பர் என்றால் ஒரு ராத்தல் நூலின் நீளம் 67,200 கஜம், அதாவது சுமார் 61 கிலோமீட்டர். நமக்கு இது தண்ணீர்பட்ட பாடு. வாங்குபவருக்கோ 80 என்பது வெறும் எண். அது பெரிதானால் நல்லதா, சிறிதானால் நல்லதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. கணக்கை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது என்ற செய்தியும், அதனால் துணி எவ்வாறு இருக்கும் என்பதும் போதும். தொழிற்சொல்லை அடியோடு நீக்குவதும் சரியன்று. அறிந்து கேட்பவர் சிலர் உண்டு. அவர்களுக்கு அச்சொல்லே சாட்சிப் பத்திரம். சொல்லையும் எழுதி, அதன் பயனையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சில சமயங்களில் ஒரு முத்திரை ஒரு பத்தியின் வேலையைச் செய்துவிடும். பட்டுக்குரிய சில்க் மார்க் முத்திரை 2004 முதலும், கைத்தறி முத்திரை 2006 முதலும் வழங்குகின்றன. உயர்ந்த தரச் சரக்குக்கான இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் 2015 ஆகஸ்டு 7ஆம் நாள் சென்னையில் தொடங்கப்பட்டது. காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம் போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. முத்திரை இருக்குமிடத்தில் "அசல், அசல்" என்று மும்முறை எழுத வேண்டுவதில்லை. முத்திரையின் பொருளை ஒரு வரியில் விளக்கினால் போதும். ஆனால் அந்த ஊரில் நெய்வதால் மட்டுமே குறியீட்டைப் போட்டுக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. சங்கம் உரிய முறையில் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இதைக் கவனியாமல் அச்சிட்டுவிட்டுப் பிறகு கறுப்பு மையால் மறைப்பது பார்வைக்கும் நன்றாயிராது.

நெய்தவரின் பெயரை இடலாமா என்று சிலர் கேட்கின்றனர். 1935இல் தோன்றிய நமது கோ-ஆப்டெக்ஸ், புடவையோடு நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்ததுண்டு. கண்ணால் காண இயலாத ஒரு செய்தியை அது வாங்குபவருக்குத் தருகிறது; ஆகவே அந்தச் சில சொற்களுக்கு இடம் கொடுக்கலாம். அங்கத்தினரின் சம்மதம் பெற்றபின் செய்ய வேண்டியது இது. தலைவர், துணைத்தலைவர், இயக்குநர்கள் அனைவரின் பெயரும் படமும் அதே இடத்தைக் கேட்கும்போது மட்டும் சற்று உறுதியோடு இருக்க வேண்டும். அவர்களுடைய தொண்டு பெரிதே. ஆனால் புடவை வாங்க வந்தவர் அதை ஆண்டறிக்கையில் படித்துக்கொள்ளலாம்.

விளைபொருள் சங்கங்களுக்கு நிலைமை சற்று வேறு. மஞ்சளை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுச் சந்தையில் மூட்டையாக வாங்கும் வியாபாரி ஒருவர். சமையலறைக்கு 100 கிராம் பொட்டலம் வாங்கும் இல்லத்தரசி ஒருவர். வியாபாரிக்கு வர்ணனை வேண்டாம். விரலியா கிழங்கா, என்ன ரகம், வேகவைத்து மெருகேற்றியதா, ஈரப்பதம் எவ்வளவு, மூட்டை எத்தனை, எடை என்ன என்று அட்டவணையாகக் கொடுத்தால் அவர் ஒரு பார்வையில் முடித்துவிடுவார். அக்மார்க் தரமிட்டிருந்தால் அதையும் சேர்க்கலாம். 1937ஆம் ஆண்டின் சட்டத்தில் பிறந்த அந்த முத்திரை வியாபாரிகளுக்குப் பழகியது. அட்டவணை ஒரு பக்கம் நீண்டாலும் குற்றமில்லை.

பொட்டலத்தில் பாதி இடம் நம்முடையதே அன்று. பொட்டலமிட்ட பண்டங்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடை அளவு விதிகள், பொட்டலமிட்டவர் பெயரும் விலாசமும், பொருளின் பெயர், நிகர எடை, மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, குறை தெரிவிக்கும் விலாசம் ஆகியவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்பு உரிம எண் முதலியனவும் சேரும். இவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகே நம் வாசகத்தை நினைக்க வேண்டும். மீதியுள்ள இடத்தில் இல்லத்தரசியின் முதல் ஐயத்துக்குப் பதில் சொன்னால் போதும். மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கும் கயவர் உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். "அங்கத்தினரின் வயலில் விளைந்த மஞ்சளைச் சங்கமே அரைத்தது, நிறம் எதுவும் சேர்க்கவில்லை" என்பது அதற்குப் பதில். ஆய்வுக்கூடச் சான்று கையில் இருந்தால் மட்டுமே இதை அச்சிட வேண்டும். 1844இல் ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்தபோது அவர்களிடம் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே. கலப்பற்ற பொருள், சரியான எடை என்ற பெயராலேயே அவர்கள் கடை நிலைத்தது.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். வாசகத்தைத் தொழில் தெரியாத ஒருவரிடம், வேறு ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினரிடம் என்று வைத்துக்கொள்வோம், கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் நின்று "இது என்ன?" என்று கேட்கும் இடத்தில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். குரல் தாழ்ந்து வேகமாகத் தாவும் இடத்தில் வரியையே எடுத்துவிடலாம். பெரும்பாலும் முதல் பத்தி முழுவதும் போய்விடும். செய்தி இரண்டாம் பத்தியில்தான் ஆரம்பித்திருக்கும்.

இன்னும் ஐயமிருந்தால் ஹாப்கின்ஸ் முறையை நாமும் கையாளலாம். 1,000 பிரசுரம் அச்சிடுவதானால் 500 சுருக்கமாகவும் 500 விரிவாகவும் அச்சிட்டு, மூலையில் முறையே "அ", "ஆ" என்று குறியிட்டு, "இதைக் கொண்டுவருவோருக்குத் தள்ளுபடி" என்று சேர்க்க வேண்டும். ஒரே தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீடாக இரண்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். "அ" எல்லாம் பஸ் நிலையத்திலும் "ஆ" எல்லாம் அக்கிரகாரத்திலும் கொடுத்துவிட்டால் சோதனை கெட்டுவிடும். திரும்பி வந்த சீட்டுகளை எண்ணுவதோடு, ஒவ்வொன்றுக்கும் நடந்த விற்பனைத் தொகையையும் குறிக்க வேண்டும். ஏழுக்கு ஐந்து என்ற வித்தியாசத்தைப் பெரிதாகக் கொள்ள வேண்டாம். எழுபதுக்கு முப்பது என்று வந்தால் நிர்வாகக் குழுவில் இரு கட்சியும் ஒப்புக்கொள்ளும்.

விலையை மட்டும் பிரசுரத்தோடு சேர்த்து அச்சிடாமல், தேதியிட்ட தனிச் சீட்டாக வைப்பது நலம். நூல் விலையும் வெள்ளி விலையும் மாறும்போது சீட்டை மாற்றினால் போதும். மற்றவை இரண்டு பருவத்துக்கு உதவும். அச்சுக்குப் போகுமுன் காரியதரிசி இருப்புப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீளம், அகலம், நூல் நம்பர், தொலைபேசி எண் ஆகியவற்றை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தொலைபேசியை விற்பனை நேரத்தில் எடுத்துப் பதில் சொல்பவர் யார் என்பதையும் அன்றே நியமித்துவிடுவது நல்லது.